ஒரு சிட்டிகை சாம்பிராணி

ரோமில் கொலோசியத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் முதலில் தேடுவது சிங்கத்தைத்தான். சினிமா நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. மேலே உப்பரிகையில் திராட்சை தின்றுகொண்டு சக்கரவர்த்தி. கீழே மணலில் முழங்காலிட்டு ஜபிக்கும் கிறிஸ்துவர்கள். கதவு திறந்ததும் நாலு நாள் பட்டினி போட்ட சிங்கம். இடைவேளை.

நானும் தேடினேன். அகப்பட்டது ஒரு பூனை. உடைந்த தூணின் மேல் படுத்துக்கொண்டு, ஒரு காலத்தில் 50,000 பேர் உட்கார்ந்த கட்டடத்தைத் தன் பெயருக்குப் பட்டா வாங்கிவிட்ட மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

"சிங்கம் எந்தக் கதவு வழியா வரும் மேடம்?"

கேட்டவர் எங்கள் குழுவில் வந்திருந்த பேங்க் நண்பர். தாம்பரத்துக்காரர். 34 வருஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்து ரிட்டையர் ஆனவர். பாஸ்போர்ட்டை நாலு நகல் எடுத்து நாலு பைகளில் வைத்திருப்பவர். பை தொலைந்தாலும் தான் தொலைந்துவிடக் கூடாது என்பது அவர் சித்தாந்தம்.

வழிகாட்டிப் பெண்மணி, தினமும் இதே கேள்வியைக் கேட்டுச் சலித்தவர் போலச் சிரித்தார். "சிங்கம், சிறுத்தை, கரடி எல்லாம் வந்தது நிஜம். தரைக்கு அடியிலிருந்து கூண்டோடு மேலே தூக்குவார்கள். மரண தண்டனைக் கைதிகளை மிருகங்களுக்குப் போட்டதும் நிஜம். ஆனால் கிறிஸ்துவர்களை இதே கட்டடத்தில்தான் கொன்றார்கள் என்று அடித்துச் சொல்ல அந்தக் காலத்து ஆதாரம் கிடையாது."

"அப்ப நீரோ?"

"நீரோ செத்தது 68-ல். இதைத் திறந்தது 80-ல். அவர் காலத்தில் இது அரண்மனைத் தோட்டத்து ஏரி."

நண்பருக்கு முகம் தொங்கிவிட்டது. கொடுத்த காசுக்குச் சிங்கமும் இல்லை, நீரோவும் இல்லை.

உள்ளே ஒரு சிலுவை நிற்கிறது. 18-ம் நூற்றாண்டில் போப் பதினான்காம் பெனடிக்ட் இந்த இடத்தை வேதசாட்சிகளின் நினைவுக்கு அர்ப்பணம் செய்தார். பெரிய வெள்ளி இரவில் இங்கே சிலுவைப்பாதை வழிபாடு நடக்கிறது. விலாசம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். செத்தவர்கள் நிஜமான மனிதர்கள். எதற்காகச் செத்தார்கள்?

"இதுல என்ன சார் ஆராய்ச்சி? மதம் பிடிக்கலை, கொன்னுட்டாங்க" என்றார் நண்பர்.

அங்கேதான் இடிக்கிறது. ரோமானியர்களைப் போலச் சாமி சேர்த்தவர்கள் அபூர்வம். ஓர் ஊரைப் பிடித்தால் அந்த ஊர்த் தெய்வத்தையும் கூடவே கூட்டிவரும் ஆசாமிகள். ஆசியா மைனரிலிருந்து சிபெலி என்ற அம்மனை கி.மு. 204-லேயே வரவழைத்துக் கோயில் கட்டினார்கள். எகிப்திலிருந்து ஐசிஸ் வந்தாள். கொலோசியத்திலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் சான் கிளெமென்டே என்ற சர்ச் இருக்கிறது. அதன் அடித்தளத்தில் படியிறங்கினால் மித்ரா என்ற தெய்வத்தின் பழைய வழிபாட்டு அறை. இத்தனை சாமிக்கு இடம் கொடுத்த ஊரில் இன்னொரு சாமிக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்கக் கூடாதா?

*

நீரோவின் கணக்கைப் பார்க்க டைபர் ஆற்றைத் தாண்டி வாடிகனுக்குப் போக வேண்டும். புனித பேதுரு சதுக்கத்தின் நடுவில், சுமார் 25 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைக் கல் தூண் ஒன்று நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். அது எகிப்துக் கல். காலிகுலா கொண்டுவந்தது. அருகிலிருந்த பந்தய மைதானத்தில் நின்றது. 1586-ல்தான் பெயர்த்தெடுத்துச் சதுக்கத்தில் நட்டார்கள். அந்த மைதானத்துக்கு நீரோவின் பெயரும் உண்டு. அங்கே நடந்த கொடுமையைப் பார்த்த சாட்சிகளில் இன்றைக்கு மிச்சமிருப்பது அந்தக் கல் மட்டும்தான்.

64 ஜூலையில் ரோம் தீப்பிடித்தது. ஆறு நாள் எரிந்து, அடங்கி, மறுபடியும் பற்றிக்கொண்டது. ஊரின் 14 பகுதிகளில் 3 சாம்பல். 7 பாதி நாசம். 4 மட்டும் தப்பின. நீரோ பிடில் வாசித்தான் என்பது கட்டுக்கதை. பிடில் என்ற வாத்தியமே அப்போது கிடையாது. தீப்பிடித்தபோது அவன் ஊரிலும் இல்லை, ஆன்ட்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தான். ஆனால் எரிந்த நிலத்தில் புது அரண்மனை கட்ட ஆரம்பித்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? "இவனே கொளுத்தியிருப்பான்" என்று பேச்சு கிளம்பியது. பேச்சை நிறுத்த ஆள் தேவைப்பட்டது. ஆள் அகப்பட்டது.

சுமார் 50 வருஷம் கழித்து டாசிட்டஸ் என்ற வரலாற்றாசிரியர் இதை எழுதினார். அவருக்குக் கிறிஸ்துவர்களைக் கண்டாலே ஆகாது. இருந்தும் அவர்கள்தான் கொளுத்தினார்கள் என்று அவர் நம்பவில்லை. மிருகத்தோலைப் போர்த்தி நாய்களை ஏவினார்கள், சிலுவையில் அறைந்தார்கள், இருட்டியதும் விளக்காக எரித்தார்கள் என்று எழுதிவிட்டு, பார்த்தவர்களுக்கே பரிதாபம் வந்தது என்றும் சொல்கிறார்.

சரி, நீரோ ஒரு வெறியன் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சக்கரவர்த்திகள் காலத்திலும் கிறிஸ்துவர்கள் செத்தார்களே, அதற்கு என்ன சமாதானம்?

*

கொலோசியத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது பாலட்டைன் குன்று. சக்கரவர்த்திகளின் அரண்மனை இருந்த இடம். குடை பிடித்த மாதிரி பைன் மரங்கள். ஒரு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து நண்பருக்கு ஒரு ஃபைல் கதை சொன்னேன். ஃபைல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்றைய துருக்கியின் வடக்கே பித்தினியா என்ற மாகாணம். 110-ஐ ஒட்டி அங்கே கவர்னராகப் போனவர் பிளினி. நம் பாஷையில் சொன்னால் படு சின்சியர் ஆபீசர். எதற்கெடுத்தாலும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுவிடுவார். ஒரு தடவை நிக்கோமீடியா நகரில் பெரிய தீ விபத்து. "150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்கலாமா?" என்று சக்கரவர்த்தி டிராஜனுக்கு எழுதினார். பதில் வந்தது: வேண்டாம். என்ன பெயர் வைத்தாலும் நாலு பேர் கூடினால் அது சீக்கிரமே அரசியல் சங்கமாகிவிடும். வாளி மட்டும் வாங்கி வைத்துக்கொள்!

"எங்க யூனியனைப் பத்தி மேனேஜர் பேசின மாதிரியே இருக்கு" என்றார் நண்பர்.

தீயணைக்கக் கூடுகிறவர்களையே நம்பாத அரசாங்கம் அது. அங்கே ஒரு கூட்டம் விடிவதற்கு முன்னால் எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சேர்ந்து பாடுகிறது, சேர்ந்து சாப்பிடுகிறது. எஜமானனும் அடிமையும் ஒருவரையொருவர் சகோதரன், சகோதரி என்று கூப்பிடுகிறார்கள். சரீரம், ரத்தம் என்று ஏதோ பேசிக்கொள்கிறார்கள். அக்கம்பக்கத்தில் வதந்தி பறக்காதா? நரமாமிசம் தின்கிறார்கள், முறைகேடாக நடக்கிறார்கள் என்று கதை கட்டினார்கள்.

பிளினியின் மேஜைக்கும் புகார்கள் வந்தன. பெயர் போடாத மொட்டைக் கடிதம்கூட, ஒரு பட்டியலோடு வந்தது. கூப்பிட்டு விசாரித்தார். "நீ கிறிஸ்துவனா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஆமாம் என்றவர்களைக் கொல்ல அனுப்பினார். இல்லை என்றவர்களுக்கு ஒரு பரீட்சை. தெய்வச் சிலைகளுக்கும் சக்கரவர்த்தியின் சிலைக்கும் முன்னால் கொஞ்சம் திராட்சை மது, கொஞ்சம் சாம்பிராணி போட வேண்டும். கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். செய்தால் வீட்டுக்குப் போகலாம்.

அப்புறம்தான் அவருக்கு உறுத்தியது. இவர்கள் செய்த குற்றம்தான் என்ன? அவர்கள் கூட்டத்தில் பொறுப்பிலிருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். கிடைத்தது இவ்வளவுதான்: திருட மாட்டோம், பிறர் மனை நாடமாட்டோம், சொன்ன சொல் தவறமாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள். சாப்பிடுவது சாதாரணச் சாப்பாடு. உடனே டிராஜனுக்கு எழுதினார்: பெயரே குற்றமா, பெயரோடு சேர்ந்த செயல்கள் குற்றமா?

டிராஜனின் பதிலைப் படித்தால் தலை சுற்றும். தேடிப் போகாதே. யாராவது புகார் செய்து நிரூபணமானால் தண்டனை கொடு. மறுத்துவிட்டு, தெய்வங்களைக் கும்பிட்டுக் காட்டினால் மன்னித்துவிடு. மொட்டைக் கடிதத்தை மட்டும் தொடாதே, அது நம் காலத்துக்கு அழகல்ல.

"இருங்க சார்" என்றார் நண்பர். 34 வருஷ அனுபவம் விழித்துக்கொண்டது. "குத்தம்னா தேடிப் பிடிக்கணும். குத்தம் இல்லைன்னா தண்டிக்கக் கூடாது. இது என்ன சர்க்குலர்?"

கார்த்தேஜ் நகரத்து டெர்ட்டுலியன் என்ற கிறிஸ்துவ எழுத்தாளரும் அந்தக் காலத்திலேயே இதைத்தான் கேட்டார். திருடனைத் தண்டிப்பார்கள், "நான் திருடவில்லை" என்று அவன் சொன்னால் உண்மையைக் கக்கச் சொல்லி அடிப்பார்கள். கிறிஸ்துவனை மட்டும், "இல்லை" என்று பொய் சொல்லச் சொல்லி அடித்தார்கள்!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீ மனசுக்குள் யாரை நம்புகிறாய் என்பது ரோமாபுரிக்குப் பொருட்டே இல்லை. கேட்டது செயலை. தெய்வங்களுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிட்டால் அவை ஊரைக் காக்கும். ஒருத்தன் நிறுத்தினாலும் கோபம் ஊர் பூராவின் மேலும் இறங்கும். வெள்ளமா, பஞ்சமா, கொள்ளைநோயா, "யாருடா அது சாம்பிராணி போடாதவன்?" என்று திரும்பிப் பார்ப்பார்கள். கும்பிடாத கிறிஸ்துவர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? நாத்திகர்கள்!

யூதர்களும் ஒரே கடவுள்காரர்கள்தானே என்பீர்கள். நியாயம். ஆனால் அவர்கள் மதம் பழசு. பாட்டன் வழியில் வந்தது என்றால் ரோமானியனுக்கு ஒரு மரியாதை. கிறிஸ்துவமோ நேற்று முளைத்தது. அதன் தலைவரை ரோமானிய கவர்னர் பிலாத்துவே சிலுவையில் அறைந்திருக்கிறார். அரசாங்க ரிக்கார்டில் குற்றவாளி. அவரைக் கடவுள் என்று ஒரு கூட்டம் கும்பிட்டால் எந்த அதிகாரிக்குத்தான் தூக்கம் வரும்?

குன்றின் மேலேயே ஒரு சின்ன மியூசியம். அங்கே ஒரு சுவர்த் துண்டு. அரண்மனையில் வேலை பழகிய அடிமைப் பையன்கள் இருந்த கட்டடத்தில் 1857-ல் கண்டெடுத்தது. ஆணியால் கீறிய படம். சிலுவையில் ஓர் உருவம், அதற்குக் கழுதைத் தலை. கீழே கையை உயர்த்திக்கொண்டு ஒரு பையன். பக்கத்தில் கிரேக்கத்தில், அலெக்ஸாமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான் என்று கோணல் மாணல் எழுத்து. சுமார் 1,800 வருஷத்துக்கு முந்தைய ஹாஸ்டல் ராகிங்! சிங்கத்துக்கு முன்னால் இந்தச் சிரிப்பு வருகிறது. கூடப் படுக்கிறவன், கூடச் சாப்பிடுகிறவன் சிரிக்கிற சிரிப்பு. அதே கட்டடத்தின் இன்னொரு அறையில், வேறு ஒரு கை லத்தீனில் கீறியிருக்கிறது: அலெக்ஸாமெனோஸ் விசுவாசமுள்ளவன். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பையன் வாதாடவில்லை.

நண்பர் ரொம்ப நேரம் அந்தக் கழுதையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் சொன்னார்: "எல்லாம் சரி சார். ஒரு சிட்டிகை சாம்பிராணி. போட்டுட்டுப் போக வேண்டியதுதானே? மனசுல என்ன வேணா நினைச்சுக்கலாமே?"

நம் ஊரில் ஏமாந்தவனைச் 'சாம்பிராணி' என்கிறோம். ரோமில் அதைப் போடாதவன்தான் ஏமாளி.

*

மறுநாள் ஆப்பியன் சாலை. நகரத்துக்கு வெளியே, ரோமானியர்கள் கி.மு. 312-ல் போட ஆரம்பித்த ரோடு. அதன் ஓரத்தில் சான் கலிஸ்டோ நிலவறைக் கல்லறைகள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, படியிறங்கினால் ஜில்லென்று இருக்கிறது. மெத்தென்ற எரிமலைப் பாறையைக் குடைந்து, சுவர் பூராவும் அலமாரித் தட்டு மாதிரி அடுக்கடுக்காகக் குழிகள். கேமராவுக்குத் தடை. கிறிஸ்துவர்கள் இங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள் என்பதும் சினிமாதான். இது சுடுகாட்டுச் சமாச்சாரம், அரசாங்கத்துக்கும் தெரிந்த இடம்.

போப்பாண்டவர்களின் அறை என்று ஒன்று. அதில் ஒரு கல்லில் கிரேக்க எழுத்தில் ஃபேபியன், பிஷப் என்று பொறித்திருக்கிறது. கூடவே வேதசாட்சி என்பதற்கான சுருக்கெழுத்து. ஃபேபியன் இறந்தது 250 ஜனவரி 20.

அந்த வருஷம்தான் எல்லாம் மாறியது. அதுவரை வேட்டை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நடந்தது. இந்த ஊரில் கொலை, அந்த ஊரில் சமாதானம், நடுவில் பல வருஷம் அமைதி. முந்நூறு வருஷம் இடைவிடாமல் துரத்தினார்கள் என்பது சரியல்ல. ரோம் நகரம் தன் ஆயிரமாவது ஆண்டு விழாவை 248-ல் கொண்டாடியது. எல்லையில் காத்தியர் படை, உள்ளே உள்நாட்டுச் சண்டை. 249-ல் பட்டத்துக்கு வந்த டெசியஸ், தெய்வங்களைச் சமாதானப்படுத்தினால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தார். சாம்ராஜ்யத்தில் எல்லோரும் அதிகாரிகள் குழுவின் முன்னால் பலி கொடுத்து, சர்டிபிகேட் வாங்க வேண்டும் என்று உத்தரவு.

சர்டிபிகேட் என்றதும் நண்பரின் கை தானாகப் பையைத் தடவியது.

அந்தச் சர்டிபிகேட்டுகளில் 40-க்கும் மேல் எகிப்து மணலிலிருந்து கிடைத்திருக்கின்றன. ஒன்றில் விண்ணப்பதாரர் அவுரேலியஸ் டயோஜெனிஸ். வயது 72. அங்க அடையாளம், வலது புருவத்தில் தழும்பு. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் மச்சம் எழுதின பரம்பரை எங்கே ஆரம்பித்தது என்று இப்போது புரிகிறதா? எப்போதும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்து வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் கொடுத்தேன், சான்றளிக்க வேண்டுகிறேன் என்று மனு. கீழே கையெழுத்து, தேதி. பெடசூகஸ் என்ற முதலைச் சாமிக்குப் பூசாரியாக இருந்த ஓர் அம்மாள்கூட, 'நான் சாமி கும்பிடுகிறவள்தான்' என்று சர்டிபிகேட் வாங்கியிருக்கிறார். ரூல்னா ரூல்!

கிறிஸ்துவர்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் சினிமா நம்மை ஏமாற்றுகிறது. நிறையப் பேர் போட்டுவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது, கடை இருக்கிறது. சிலர் பலி கொடுத்தார்கள். சிலர் சாம்பிராணி மட்டும் போட்டார்கள். சிலர் அதுவும் போடாமல், அதிகாரிக்குக் காசு கொடுத்துச் சர்டிபிகேட் மட்டும் வாங்கினார்கள். அடுத்த வருஷமே டெசியஸ் போரில் செத்தார். புயல் ஓய்ந்தது. போட்டவர்கள் எல்லாம் சர்ச் வாசலில் வந்து நின்றார்கள், 'எங்களை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று.

சேர்க்கலாமா, கூடாதா? சபையே இரண்டாகப் பிளந்தது. ரோமில் நோவேஷியன் என்பவர், கூடவே கூடாது என்று தனியாகப் பிரிந்து போனார். கார்த்தேஜ் பிஷப் சிப்ரியன், வேட்டையின்போது ஊரைவிட்டு ஒளிந்துகொண்டவர். அதற்காக ஏச்சும் கேட்டவர். அவரும் மற்ற பிஷப்புகளும், பலி கொடுத்தவர், சர்டிபிகேட் மட்டும் வாங்கினவர் என்று தரம் பிரித்து, பிராயச்சித்தம் விதித்துச் சேர்த்துக்கொள்ள வழி செய்தார்கள். அதே சிப்ரியன், 258-ல் அடுத்த வேட்டை வந்தபோது ஓடவில்லை. பலி கொடுக்க மறுத்து, கழுத்தை நீட்டினார்.

நண்பரின் கேள்விக்கு அந்த நிலவறையில் எனக்குப் பதில் கிடைத்தது. அந்தச் சிட்டிகை சின்னதாக இருந்ததுதான் சங்கடமே. பெரிய பாவத்தைச் செய்யச் சொன்னால் யாரும் மறுத்துவிடலாம். 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார்' என்று நீட்டினால்தான் கை நடுங்கும். போட்டவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. போடாதவர்களைப் பைத்தியம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

303-ல் டயோக்ளீஷியன் காலத்தில் கடைசியாக ஒரு பெரிய வேட்டை. சர்ச்சுகளை இடித்தார்கள், வேத புத்தகங்களை ஒப்படைக்கச் சொல்லிக் கொளுத்தினார்கள். கார்த்தேஜில் அப்போதிருந்த பிஷப் மென்சூரியஸ் சாமர்த்தியசாலி. தங்களுக்கு ஆகாத எதிர்க்கட்சிக் கிறிஸ்துவர்களின் புத்தகங்களை அகப்படுகிற மாதிரி வைத்துவிட்டார்! எட்டு வருஷம் அடித்து, கொன்று, ஒன்றும் நடக்கவில்லை. 311-ல் சாகும் தறுவாயில் கலேரியஸ் சக்கரவர்த்தி, போனால் போகிறது, உங்கள் கடவுளிடம் எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டார். 313-ல் மிலானில் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் எல்லா மதத்துக்கும் சுதந்திரம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

*

"சுபம்" என்று நண்பர் எழுந்தார். இல்லை, இன்னும் ஒரு ரீல் பாக்கி.

சாயங்காலம் ரோமன் ஃபோரத்தில், செனட் சபை கூடிய செங்கல் கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றோம். இதற்குள்ளே வெற்றித் தேவதைக்கு ஒரு பீடம் இருந்தது. செனட்டர்கள் சபைக்குள் நுழையும்போது அதில் சாம்பிராணி போடுவது நானூறு வருஷத்துப் பழக்கம். 382-ல் கிறிஸ்துவச் சக்கரவர்த்தி கிரேஷியன் அந்தப் பீடத்தை அகற்றினார். 384-ல் சிம்மாக்கஸ் என்ற செனட்டர், பாட்டன் காலத்து வழக்கம், எங்களை எங்கள் வழியில் விட்டுவிடுங்கள் என்று மனு கொடுத்தார். தள்ளுபடி. 392-ல் தியோடோசியஸ் போட்ட சட்டப்படி, வீட்டுக்குள் குலதெய்வத்துக்குச் சாம்பிராணி போடுவதும் குற்றம்.

நண்பர் அப்படியே நின்றுவிட்டார். "முன்னால போடாதவனைப் பிடிச்சாங்க. அப்புறம் போட்டவனைப் பிடிச்சாங்களா?"

"ஆமாம்."

"ஆபீசர் மாறினாரே தவிர சர்க்குலர் மாறலைங்கறீங்க."

34 வருஷ சர்வீஸ் சும்மாவா!

ராத்திரி ஓட்டலில் ஏதோ ஒரு ஃபாரத்தை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். நான் போட்டுவிட்டேன். நண்பர் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார்.

அது இத்தாலிய மொழியில் இருந்தது.